இருட்டு நகருது என்கிறான் மகன்: ஒரு கண் மருத்துவரின் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 36 வயது. சிறு வயதில் உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தேன். ராத்திரி விளக்கை அணைத்ததும் இருட்டு முழுக்கப் பொடிப்பொடியாக ஏதோ ஊர்ந்துகொண்டே இருக்கும். கண்ணை மூடினால் வட்டமும் கட்டமுமாகக் கோலங்கள் விரியும். தூக்கம் சொக்கும் நேரத்தில் முன்பின் தெரியாத முகங்கள் வரிசையாக வந்து போகும். காய்ச்சல் நாட்களில் சுவர் வெகுதூரம் தள்ளிப் போய்விடும், என் விரல்கள் உலக்கை தடிமனுக்கு ஆகிவிடும். பாட்டியிடம் சொன்னேன். காத்து கருப்பு பட்டிருக்கிறது என்று கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். அங்கே நடந்ததில் மிரண்டு போய், அதற்கப்புறம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் தானாக நின்றுவிட்டது. இப்போது என் 7 வயது மகன், "அம்மா, இருட்டு நகருது. மூலையில ஒரு சிவப்புக் கண்ணு அங்கயும் இங்கயும் போகுது" என்கிறான். மொபைல் பார்ப்பதால்தான் இதெல்லாம் என்கிறார் கணவர். மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்கிறார் மாமியார். எனக்கு இருந்த ஏதோ ஒன்று அவனுக்கும் வந்துவிட்டதா? இது கண் கோளாறா, மூளைக் கோளாறா, மனக் கோளாறா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதில் நோயின் அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு காரணங்களால் வரும் நான்கு அனுபவங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, அதன் மேல் கோடாங்கி வீட்டுப் பயத்தையும் வைத்து இத்தனை வருடம் சுமந்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் உங்கள் மகன் சொல்வதும் புரியும், அவனிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் புரியும்.

குழந்தைகளுக்குக் கண் பார்ப்பதுதான் என் வேலை. இந்தக் கேள்வியோடு நேராக வருகிற பெற்றோர் மிகக் குறைவு. பவர் பார்க்க வந்த பிள்ளை போகிற போக்கில், "ராத்திரி மட்டும் கலர் பூச்சி தெரியும்" என்று சொல்லும். உடனே அம்மாவோ அப்பாவோ, "அவன் கதை விடுவான் டாக்டர்" என்று மறித்துவிடுவார்கள். நான் அந்த இடத்தில் நிறுத்தி, பிள்ளையிடமே திரும்பக் கேட்பேன். எப்போது தெரியும், கண் திறந்திருக்கும்போதா, மூடியிருக்கும்போதா, நகருமா, எந்தப் பக்கம் நகரும். இப்படிக் கேட்டால் ஆறு வயதுப் பிள்ளைகூட ஆச்சரியப்படும் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும். கதை விடுகிற பிள்ளையால் அப்படிச் சொல்ல முடியாது.

முதலில் அந்த ஊரும் பொடிகள். இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லை என்று நாம் நினைக்கிறோம். உண்மை நேர் எதிர். விழித்திரையில் மங்கலான வெளிச்சத்துக்கென்றே குச்சி செல்கள் இருக்கின்றன, ஒரு கண்ணில் மட்டும் 9 கோடியிலிருந்து 12 கோடி வரை. பகலுக்கும் நிறத்துக்குமான கூம்பு செல்கள் 50, 60 லட்சம்தான். குச்சி செல்கள் வெளிச்சத்தில் செலவழிப்பதைவிட அதிகமான சக்தியை இருட்டில்தான் செலவழிக்கின்றன. அவற்றின் கூர்மை நம்ப முடியாதது. 1942ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் சோதித்துப் பார்த்தார்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணில், விழித்திரை 5 முதல் 14 ஒளித்துகள்களை உள்வாங்கினாலே "ஏதோ மினுங்கியது" என்று மனிதன் சொல்லிவிடுகிறான்.

அவ்வளவு கூர்மையான கருவிக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு குச்சி செல்லுக்குள்ளும் ரோடாப்சின் என்ற நிறமி மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். ஒளி பட்டால் அந்த மூலக்கூறு வடிவம் மாறும், அதுதான் "பார்த்தேன்" என்ற செய்தியின் தொடக்கம். ஆனால் ஒளியே படாமல், வெறும் உடல் சூட்டிலேயே எப்போதாவது ஒரு மூலக்கூறு தானாக மாறிவிடும். செல்லைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. குரங்கின் கண் செல்களில் 1980களில் அளந்தபோது, ஒரு செல்லில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படி நடப்பது தெரிந்தது. ஒரு செல்லுக்கு அது அபூர்வம்தான். கோடிக்கணக்கான செல்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், கும்மிருட்டில் படுத்திருக்கிற ஒருவரின் ஒரு கண்ணில் நொடிக்குப் பல லட்சம் பொய்ச் செய்திகள் கிளம்புகின்றன. பெரும்பகுதியை விழித்திரையே வடிகட்டிவிடுகிறது. கூம்பு செல்களிலும் இப்படித் தானாக எழும் செய்திகள் உண்டு. மூளையின் பார்வைப் பகுதியும் வெளியிலிருந்து எதுவும் வராவிட்டாலும் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். நிலையம் எதுவும் பிடிபடாத ரேடியோவில் இரைச்சல் கேட்குமே, அது போன்ற ஒன்று பார்வைக்கும் உண்டு. அதனால்தான் எவ்வளவு இருட்டான அறையிலும் நாம் காண்பது சுத்தமான கறுப்பு அல்ல, ஊர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சாம்பல். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதை விழித்திரையின் சொந்த ஒளி என்று எழுதியிருக்கிறார்.

"இருட்டு நகருது" என்று உங்கள் மகன் சொன்னது இதைத்தான் என்பது என் கணிப்பு. அவன் சொன்ன மாதிரி இதை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அடுத்தது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பார்த்த கோலங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 1819ல் பிராக் நகரில் யான் புர்க்கின்யே என்ற இளைஞர், கண் தனக்குத்தானே உண்டாக்கிக்கொள்ளும் காட்சிகளை வரிசைப்படுத்தி ஆய்வேடு எழுதினார். கண்ணை மூடி சூரியனைப் பார்த்து நின்று முகத்துக்கு முன்னால் விரல்களை வேகமாக ஆட்டினார், கண்ணை அழுத்திப் பார்த்தார், லேசான மின்சாரம்கூடப் பாய்ச்சிக்கொண்டார். தெரிந்த சதுரங்கக் கட்டங்களையும் வட்டங்களையும் கையால் வரைந்து வைத்தார். நூறு வருடம் கழித்து ஹைன்ரிக் க்ளூவர் என்பவர் இப்படிப்பட்ட வடிவங்களையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, திரும்பத் திரும்ப வருபவை நான்கே வகைதான் என்றார். தேன்கூடு மாதிரியான கட்டங்கள், சிலந்தி வலை, சுரங்கப்பாதை, சுருள். மருந்து மயக்கத்தில் காண்பதும் தூக்கத்தின் விளிம்பில் காண்பதும் இந்த நான்குக்குள்ளேயே அடங்கின. ஊர், மொழி, வயது எதுவும் பொருட்டில்லை. உசிலம்பட்டிச் சிறுமிக்கும் பிராக் மாணவருக்கும் ஒரே கோலம்தான்.

ஏன் இந்த நான்கு? ஜாக் கோவன், பார்ட் எர்மென்ட்ரவுட் என்ற இரண்டு பேர் 1979ல் இதற்குக் கணித வழியில் பதில் சொன்னார்கள். விழித்திரையின் படம் மூளையின் பின்பகுதிக்குப் போகும்போது அப்படியே நகலாவதில்லை. நடுப்பகுதிக்கு அங்கே ஏராளமான இடம், ஓரங்களுக்குக் கொஞ்சம்தான். வட்டமான பார்வைப் பரப்பு அங்கே நீள்சதுரமாக இழுத்து விரிக்கப்பட்டிருக்கிறது. அந்த நரம்புப் பரப்பில் தானாக ஒரு மின் அலை எழுந்தால், அது நேரான வரிகளாகத்தான் எழும். ஆனால் மூளை அதைப் பார்வை என்று எடுத்துக்கொள்வதால், இழுத்து விரித்ததைத் திரும்பச் சுருட்டிப் பார்க்கிறது. அங்கே நேர் வரி, இங்கே வளையம். அங்கே சாய்ந்த வரி, இங்கே சுருள். நீங்கள் சிறு வயதில் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது உங்கள் மூளை பின்னப்பட்டிருக்கும் விதத்தைத்தான். பயப்பட வைத்த அந்தக் காட்சிக்குள் இவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கு அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாமே என்று உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. கண்ணை அழுத்தித் தேய்த்தாலும் வெளிச்சமும் கோலமும் வரும், சில பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே பழகிக்கொள்வார்கள். அது வேண்டாம். தொடர்ந்து தேய்க்கிற பழக்கத்துக்கும் கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கண் அரிப்பினால் தேய்க்கிறான் என்றால் அலர்ஜிக்கு மருந்து போட வேண்டும்.

முகங்கள் வந்தது தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் இருக்கும் சில நிமிடங்களில். அந்த நேரத்தில் கனவு பாதி தொடங்கியிருக்கும், விழிப்பு பாதி மிச்சம் இருக்கும். ஆரோக்கியமான மனிதர்களுக்கு இது வெகு சாதாரணம். மூளையில் முகங்களை அடையாளம் காண்பதற்கென்றே தனிப் பகுதி இருப்பதால் அந்நேரத்தில் முகங்கள் வருவதில் வியப்பில்லை. எதுவும் பேசாமல், நம்மைக் கவனிக்காமல், ஒன்று மாறி ஒன்றாக வந்து போவது அவற்றின் இயல்பு. நீங்கள் எழுதியிருப்பதும் அப்படித்தான் இருக்கிறது.

இங்கேதான் உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வில் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவருடைய குழுவினரும், சிலரை மூன்று நாட்களில் மொத்தம் ஏழு மணி நேரம், கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாட வைத்தார்கள். தூக்கம் தொடங்கும்போது கட்டைகள் விழுவது கண்ணுக்குள் தெரிகிறது என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். அவர்களில் நினைவிழப்பு நோயாளிகளும் இருந்தார்கள். விளையாடியதே ஞாபகமில்லாத அவர்களில் சிலருக்கும் கட்டைகள் தெரிந்தன! ஆகவே படுப்பதற்கு முன் பையன் எதைப் பார்க்கிறானோ அது தூக்கத்தின் வாசலில் திரும்ப வரும். மொபைல்தான் இந்தக் காட்சிகளை உண்டாக்குகிறது என்பது சரியல்ல, ஆனால் அவற்றில் என்ன வரவேண்டும் என்பதை அது கொஞ்சம் தீர்மானிக்கும். பேய் வீடியோ பார்த்துவிட்டுப் படுத்தால் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பளிச்சென்ற திரையைப் பார்த்துவிட்டு உடனே விளக்கை அணைப்பதில் இன்னொரு சங்கதியும் உண்டு. வெளிச்சத்தில் வடிவம் மாறிப்போன ரோடாப்சின் திரும்பச் சேர நேரமாகும். கண் முழுவதுமாக இருட்டுக்குப் பழக 30, 40 நிமிடம் ஆகலாம். தொடக்கத்தில் சிறிது நேரம் திரையின் பச்சை, ஊதா நிழல்கள் கண்ணுக்குள் மிதக்கும். அவற்றை வேறு ஏதோ என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறையப் பேர். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மொபைலை வாங்கி வைத்துவிடுங்கள்.

சரி, அந்தச் சிவப்புக் கண். உங்கள் அறை மூலையில் கொசுவிரட்டி மெஷினோ, ஸ்டெபிலைசரோ, டிவியோ இருக்கிறதா? அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறதா? இன்றைக்கு ராத்திரி அவன் படுக்கிற இடத்தில் நீங்கள் படுத்து அதையே பாருங்கள். சுற்றிலும் வேறு எதுவும் தெரியாத இருட்டில் ஒற்றை ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் சிறிது நேரத்தில் அது நகரத் தொடங்கும். எல்லோருக்கும் நகரும். நம் கண் ஒரு நொடிகூட அசையாமல் இருப்பதில்லை. பக்கத்தில் ஒப்பிட ஒரு பொருளும் இல்லாதபோது, அசைவது கண்ணா விளக்கா என்று மூளைக்குத் தெரிவதில்லை. 1799ல் ஹம்போல்ட் என்ற புகழ்பெற்ற பயணி நட்சத்திரங்கள் அலைவதாகப் பதிவு செய்தார். அலைந்தது அவருடைய கண்தான் என்பது பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. ராத்திரியில் விமானம் ஓட்டுபவர்களுக்கு இதைப் பற்றித் தனியாகவே பாடம் நடத்துகிறார்கள், ஏனென்றால் அசையாத விளக்கை நகரும் விமானம் என்று நம்பி ஏமாந்துவிடலாம்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பையன் அடுத்து அதைத்தான் சொல்லப் போகிறான். விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்களே கிடையாது. கும்மிருட்டில் மங்கலான ஒரு பொருளை நேராகப் பார்த்தால் அது மறைந்துவிடும், பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கினால் திரும்ப வந்து நிற்கும். மங்கிய நட்சத்திரத்தைக் கடைக்கண்ணால் பார்க்க வேண்டும் என்று வானம் பார்ப்பவர்கள் சொல்வது இதனால்தான். கொடியில் தொங்கும் சட்டையும் அப்படியே. நேரே பார்த்தால் இல்லை, திரும்பினால் நிற்கிறது. "நாம பார்த்தா மறைஞ்சுக்கும்" என்று நம் ஊர்ப் பேய்க் கதைகளில் வருகிற அந்த வரிக்குப் பின்னால் இருப்பது கண்ணின் இந்த அமைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பலமாகத் தோன்றுகிறது.

காய்ச்சலில் சுவர் தள்ளிப் போனதும் விரல் தடித்ததும் தனி வகை. இதற்கு ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட் சிண்ட்ரோம் என்று பெயர். ஜான் டாட் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1955ல் வைத்த பெயர் அது. கண்ணில் எந்தக் குறையும் இருக்காது. அளவையும் தூரத்தையும் கணிக்கிற மூளைப் பகுதி சிறிது நேரம் தடுமாறும். குழந்தைகளுக்குக் காய்ச்சலோடும் வைரஸ் தொற்றோடும் வருவது உண்டு. ஒற்றைத் தலைவலிக் குடும்பங்களில் அதிகம். பெரும்பாலும் வந்த மாதிரியே போய்விடும். உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ ஒற்றைத் தலைவலி இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், உதவியாக இருக்கும். (கண் விழித்துவிட்டது, உடம்பு அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிற அமுக்குவான் பேய் அனுபவம் இதில் சேராது. அது தூக்கத்தில் தளர்ந்த தசைகள் விழிப்பு வந்த பிறகும் சில நொடி தளர்ந்தே கிடப்பது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் வரும்.)

பன்னிரண்டு வயதில் நின்றுவிட்டது என்கிறீர்கள். முகங்களும் சுவர் நகர்வதும் நின்றிருக்கலாம். பொடிகள் நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. நீங்கள் பார்ப்பதைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். மூளை, பயனில்லாத தகவலைக் காலப்போக்கில் கண்டுகொள்ளாமல் விடக் கற்றுக்கொள்கிறது. அதோடு இப்போது நம்மில் எத்தனை பேர் உண்மையான இருட்டில் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறோம்? கையில் போன் நழுவும் வரை பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம். குழந்தைகளைத்தான் விளக்கை அணைத்து, "பேசாம படு" என்று இருட்டோடு தனியே விடுகிறோம். அதனால்தான் இதைப் பற்றி அவர்கள்தான் பேசுகிறார்கள்.

இனி, எப்போது கவலைப்பட வேண்டும் என்பது. இதை அவசரமாகப் படிக்காதீர்கள்.

முதலில் மாலைக்கண். நமக்கு ஓரளவு தெரிகிற மங்கல் வெளிச்சத்தில் அவனுக்கு மட்டும் செருப்பு கிடைக்கவில்லை, தியேட்டரில் இருக்கை தெரியாமல் இடிக்கிறான், சாயங்காலமானால் வெளியே விளையாட மறுக்கிறான் என்றால் அது ஏதோ கூடுதலாகத் தெரிகிற பிரச்சினை அல்ல, தெரிய வேண்டியது தெரியாத பிரச்சினை. ரோடாப்சின் செய்ய வைட்டமின் ஏ வேண்டும், அது குறைந்தால் முதலில் போவது இருட்டுப் பார்வை. வெள்ளை விழியில் நுரை மாதிரி ஒரு திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். 9 மாதத்திலிருந்து 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிறார்கள். அவனுக்கு விடாமல் கொடுத்தீர்களா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். சத்து சரியாக இருந்தும் மாலைக்கண் இருந்தால் விழித்திரையின் பரம்பரை நோயா என்று பார்க்க வேண்டும். சொந்தத்தில் திருமணம் செய்துகொண்ட குடும்பங்களில் இந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம், நம் பக்கம் அது நிறையவே இருப்பதால் நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி இது. நீங்களும் உங்கள் கணவரும் உறவுமுறை என்றால் டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, ஒரே மாதிரியான காட்சி. நிறம் நிறமாகச் சின்ன உருண்டைகள், எப்போதும் ஒரே பக்கத்தில், சில நொடி அல்லது ஓரிரு நிமிடம், பகலிலும் வரும். வரும்போது கண்ணோ தலையோ ஒரு பக்கம் திரும்பும், கூப்பிட்டால் பதில் இருக்காது, பிறகு வாந்தியோ தலைவலியோ வரும். இது மூளையின் பின்பகுதியில் தொடங்கும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். கை கால் வெட்டினால்தான் வலிப்பு என்று நினைத்து இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுக்க வேண்டும். பெரும்பாலும் மருந்தில் நன்றாகக் கட்டுப்படும். ஒற்றைத் தலைவலிக் காட்சி வேறு மாதிரி. பளபளக்கும் வளைந்து நெளிந்த கோடாகத் தொடங்கி, மெதுவாகப் பெரிதாகி, 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.

ஒரே கண்ணில் பகலில் மின்னல், திடீரென்று நிறையக் கறுப்புப் புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்கினாற்போல மறைப்பு: அன்றைக்கே கண் மருத்துவமனை. பந்து பட்டிருந்தாலோ, பெரிய மைனஸ் பவர் இருந்தாலோ இன்னும் அவசரம். பொடிகள் ராத்திரி மட்டுமல்லாமல் பட்டப்பகலில் வெள்ளைச் சுவரிலும் விடாமல் தெரிகிறது என்றால் அதற்கும் ஒரு பெயர் உண்டு, பார்வைப் பனி. ஆபத்து இல்லை, பார்வை போகாது, ஆனால் படிப்பைத் தொந்தரவு செய்யும். ஆகவே சொல்லி வைக்க வேண்டும். பகலில், நன்றாக விழித்திருக்கும்போது உருவங்கள் அவனோடு பேசுகின்றன, ஏதாவது செய்யச் சொல்கின்றன என்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் உடனே போங்கள்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது எளிது. இன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பக்கத்தில் படுத்துக்கொண்டு, "இப்ப தெரியுதா?" என்று கேளுங்கள். "கண்ணை மூடினா போகுதா, அப்பவும் இருக்கா?" மூடினால் போய்விடுகிறது என்றால் அது அறையில் இருக்கும் உண்மையான ஏதோ ஒன்று, ஜன்னல் இடுக்கு வெளிச்சமோ மெஷின் விளக்கோ. போய்த் தொட்டுக் காட்டுங்கள். மூடினாலும் இருக்கிறது என்றால் அவன் கண்ணிலோ மூளையிலோ உண்டாவது. "உன் கண்ணு இருட்டுலயும் வேலை பாக்குது, அதைத்தான் பாக்கிறே" என்று சொல்லுங்கள், ஏழு வயதுக்கு அது போதும். காலையில் ஒரு தாளும் கலர் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். "பேய் மாதிரி இருந்துச்சா?" என்று மட்டும் நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். அவனிடம் இல்லாத பயத்தை நாம் கொடுத்ததாக ஆகிவிடும். "ஒண்ணும் இல்ல, தூங்கு" என்பதும் வேண்டாம். அவனுக்குத் தெரிவது இல்லை என்று அம்மா சொன்னால், அடுத்த முறை அவன் சொல்ல மாட்டான். நீங்கள் அப்படித்தான் சொல்லாமல் போனீர்கள். பயப்படுகிறான் என்றால் மங்கலான ஒரு இரவு விளக்கு போடுங்கள், தலைமாட்டில் சின்ன டார்ச் கொடுங்கள். எழுந்து தானே அடித்துப் பார்க்கட்டும்.

எனக்கும் இருந்தது என்று அவனிடம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தக் கேள்வி இருப்பதாக நினைக்கிறேன். தாராளமாகச் சொல்லுங்கள். கோடாங்கி கதையை மட்டும் அவன் பெரியவனான பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மாமியார் விஷயத்தில் என் கருத்து இது. ராத்திரி பேரனுக்கு விபூதி பூசி, பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு கதை சொல்லித் தூங்க வைப்பார் என்றால் அதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை. ஆனால் மந்திரிக்கக் கூட்டிப் போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அங்கே உடுக்கையும் சாம்பிராணியும் கூட்டமும் சேர்ந்து குழந்தைக்குச் சொல்கிற செய்தி, உனக்குள் ஏதோ தப்பாக இருக்கிறது என்பதுதான். அது எத்தனை வருடம் தங்கும் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் அனுபவித்ததை மாமியாரிடம் மனம் விட்டுச் சொல்லிப் பாருங்கள். டாக்டர் எழுதியதைக் காட்டுவதைவிட அது வேலை செய்யும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படியும் வருடம் ஒரு முறை கண் பரிசோதனை தேவை. ஆகவே ஒரு தடவை காட்டிவிடுங்கள். அவசரமில்லை, இந்த மாதத்துக்குள் போனால் போதும். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டுத்தான் விழித்திரையைப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் அன்றைக்குக் கிட்டத்தில் எழுத்து மங்கும், வெயிலில் கண் கூசும். சில சொட்டுகளுக்கு மறுநாளும் கொஞ்சம் இருக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் வேண்டாம், சனிக்கிழமை காலையில் கூட்டிப் போங்கள். தொப்பியோ கூலிங் கிளாஸோ எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வரைந்த படங்களையும் மறக்காமல் கொண்டுபோய், டாக்டர் கேட்காவிட்டாலும் மேஜையில் எடுத்து வையுங்கள்.